எஃப்.சி.வி.எஸ்: மாநிலம் மாறும் பி.ஏ.க்களுக்குக் கைகொடுக்கிறதா?

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் (சுருக்கமாக பி.ஏ., மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தருபவர்) லைசென்ஸை யாரும் அப்படியே அடுத்த மாநிலத்துக்கு மாற்றித் தர மாட்டார்கள், பொதுவாக அங்கே புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால்தான் மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் எஃப்.சி.வி.எஸ் என்ற சான்று சரிபார்ப்புச் சேவையைப் பிடித்தேன். அடையாளச் சான்று, படித்த பி.ஏ. கல்லூரியின் ஆவணங்கள், தேர்வு விவரம் எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே வாங்கிச் சரிபார்த்து ஒரே கோப்பாக நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள், அடுத்த முறை மாநிலம் மாறும்போது கல்லூரிப் பதிவாளரைத் துரத்த வேண்டியதில்லை. எனக்கு இது ஒன்றே கட்டணத்துக்கு ஈடு.

ஆனால் இது லைசென்ஸ் தராது, முடிவு வாரியத்தின் கையில்தான். முன்பு லைசென்ஸ் வைத்திருந்த மாநிலங்களிடமிருந்து, காலாவதியாகியிருந்தாலும் சரி, புது மாநில வாரியத்துக்குச் சரிபார்ப்புக் கடிதம் போக வேண்டும். என் விண்ணப்பம் தேங்கியது அங்கேதான். ஒரு பழைய வாரியம் பதிலே போடவில்லை, போன் போட்டுப் போட்டுத்தான் நகர்ந்தது.

ஒரே மாநிலத்தில் இருக்கப் போகிறவர்களுக்கு, வாரியம் கட்டாயம் என்று கேட்காதவரை, இந்தச் செலவு வேண்டாம். ஊர் ஊராகப் போகும் லோகம் (தற்காலிகப் பணி) வேலைக்காரர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். அப்புறம், கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளை எழுதித்தரத் தேவையான டி.இ.ஏ. (மத்திய போதைமருந்து அமலாக்க அமைப்பு) பதிவும் மாநிலத்தைப் பொறுத்தது, அதைத் தனியாகக் கவனியுங்கள்.