தூண்கள்ளித் துண்டு எதில் வேர்விடும்: காய்ந்த கலவையா, ஈரமா, தண்ணீரா, வெறும் காற்றா?

போத்து வெட்டி ஊன்றிப் பழகிய கை, தூண்கள்ளியிடம் முதலில் தப்புதான் செய்யும். மற்ற செடிகளின் போத்தை வெட்டிய கையோடு மண்ணில் ஊன்றி நீர் விடுவோம். கள்ளிக்கும் அதே உபசாரம் செய்தால் அழுகிப்போகும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். செரியஸ் என்ற தூண்கள்ளி வகையில் முழங்கை நீளத் துண்டு ஒன்றை வெட்டி, மூன்றாம் நாளே ஈர மண்ணில் நட்டுவிட்டேன். ஒரு மாதம் பச்சைப் பசேலென்று நின்றது. இடம் மாற்றலாம் என்று பிடித்துத் தூக்கியபோது துண்டு மட்டும் கையோடு வந்தது. அடியில் கூழ், நாற்றம் வேறு. சேமித்து வைத்த நீரிலேயே பல வாரம் நிற்கக்கூடிய செடி இது. அடி அழுகினாலும் மேலே ஒன்றும் காட்டிக்கொள்ளாது.

அதன் பிறகு நான்கு விதமாகவும் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் வேர் வரும் என்பதுதான் வேடிக்கை. எதில் வைத்தால் எவ்வளவு கவனக்குறைவை அது பொறுத்துக்கொள்ளும் என்பதில்தான் வித்தியாசம்.

அதற்குள் போவதற்கு முன் வெட்டுக்காயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்த முறையானாலும் பாதி வெற்றி அங்கேதான் முடிவாகிறது. தூண்கள்ளியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். நீரும் உணவும் ஏறி இறங்கும் குழாய்கள் அங்கே இருக்கின்றன. வேர் பெரும்பாலும் அந்த வளையத்தை ஒட்டித்தான் கிளம்பும். வெளித்தோல் விறைப்பானது, உள்சதையோ நீர் வற்றியதும் சுருங்கும். வெட்டியது வெட்டியபடி விட்டால் சதை உள்வாங்கி, அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். வளையம் குழிக்குள் மாட்டிக்கொண்டு மண்ணைத் தொடாமல் நிற்கும், விட்ட நீரும் அங்கே தங்கும். ஆகவே வெட்டியவுடன் ஓரத்தைச் சுற்றிலும் பென்சில் சீவுவதுபோல் சரிவாகச் சீவிவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்ட துண்டுகள்தான் என்னிடம் மிகத் தாமதமாக வேர்விட்டவை.

அப்புறம் காய விடுவது. கட்டைவிரல் பருமன் என்றால் ஒரு வாரம் போதும். மணிக்கட்டுப் பருமனுக்கு 2 முதல் 4 வாரம். அதற்கும் தடித்த துண்டுக்கு 6 வாரம்கூட ஆகலாம். தேதியை நம்புவதைவிட விரலை நம்பலாம்: வெட்டுமுகம் தக்கை மாதிரி கெட்டியாகி, அழுத்தினால் அமுங்காமல் பொருக்கு தட்டியிருக்க வேண்டும். இவ்வளவு நாள் காத்திருந்தால் துண்டு வாடிவிடாதா என்று தோன்றும். கள்ளி தன் இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறக்கும் செடி, நீரை அவ்வளவு சுலபத்தில் இழக்காது. ஒன்று மட்டும் கவனம்: படுக்கப் போடாதீர்கள். வாரக்கணக்கில் கிடந்தால் நுனி வெளிச்சத்தைத் தேடி வளையும், தரையைப் பார்த்த பக்கத்திலிருந்து வேர் கிளம்பும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்திச் சாய்த்து வைப்பதே சரி.

சரி, இனி நான்கு வழிகள்.

காய்ந்த கலவையில் நட்டுக் காத்திருப்பது

பொருக்கு தட்டிய துண்டைத் துளியும் ஈரமில்லாத கரகரப்பான கலவையில் நட்டு, இரண்டு மூன்று வாரம் சொட்டு நீரும் விடாமல் இருப்பது. பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பெர்லைட் (பொரிந்த வெள்ளை எரிமலைக் கண்ணாடித் துகள்), கழுவிய பருமணல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பாதிக்கு மேல், மீதி சாதாரண மண். மென்மையான கடற்கரை மணல் வேண்டாம். அது இறுகிப்போகும், உப்பும் இருக்கும். காத்திருப்பு முடிந்ததும் லேசாக ஒருமுறை நீர், பிறகு முழுக்கக் காய்ந்ததும் இன்னொரு முறை. வெதுவெதுப்பான பருவத்தில் 4 முதல் 8 வாரத்தில் வேர் பிடிக்கும்.

மெதுவான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் காயத்தைச் சரியாகக் காய விடாதவர்களையும் இது ஓரளவு காப்பாற்றிவிடும், ஏனென்றால் மிச்சக் காயம் கலவைக்குள்ளேயே ஆறுகிறது. வெளியூர் போனாலும் செத்துப்போகாது. தடித்த துண்டு, பழகாத கை என்றால் வேறு வழி தேட வேண்டாம் என்பேன்.

லேசான ஈரத்தில் வைப்பது

அதே கலவைதான், நட்ட நாளிலிருந்தே இலேசான ஈரம். நான்கில் வேகமானது இதுதான். 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், டிரைக்கோசெரியஸ் என்ற இன்னொரு தூண்கள்ளி வகையின் விரல் பருமனுள்ள துண்டுகள் சில வாரத்திலேயே அசைத்தால் அசையாமல் நின்றுவிடும். ஈரத்தை உணர்ந்ததும் வேர் முனைகள் சீக்கிரம் விழிக்கின்றன.

வேகத்துக்கு விலை உண்டு. இலேசான ஈரம் எது, அதிகம் எது என்று கைப்பழக்கத்தால் மட்டுமே தெரியும். குளிர்ந்த நாட்களிலும் மழை ஈரம் காற்றில் தங்கும் நாட்களிலும் கலவை காயவே காயாது, அழுகலுக்குக் காரணமான பூஞ்சைகளுக்கு அதுவே கொண்டாட்டம். தோட்ட மண்ணிலோ தென்னைநார்க் கழிவு மிகுந்த கலவையிலோ இந்த முறையை முயல்வது சூதாட்டம். மெல்லிய துண்டு, நன்றாக ஆறிய காயம், வெப்பமான பருவம், இந்த மூன்றும் கூடி வந்தால் மட்டும் நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

தண்ணீர்க் குடுவை

படம் எடுக்க அழகான முறை. கண்ணாடிக் குடுவையில் வெள்ளை வெளேரென்று வேர் இறங்குவதைத் தினமும் பார்க்கலாம். வெட்டுமுகம் தண்ணீரைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே நிற்கும்படி குடுவையின் வாயில் பொருத்துவது இதிலுள்ள சூட்சுமம். நீரிலிருந்து எழும் ஈரப்பதமே வேரைக் கூப்பிட்டுவிடும். முக்கி வைக்கத் தேவையில்லை.

வேர் வருகிறதா என்றால் வருகிறது. நீருக்குள் வளர்ந்த வேர் மெலிதாகவும் முறியக்கூடியதாகவும் இருப்பதுதான் பிரச்சினை. மண்ணுக்கு மாற்றும்போது பாதி ஒடியும், மீதி புதுச் சூழலுக்குப் பழக நாளாகும். கடைசியில் செடி இன்னொரு தடவை வேர்விட்ட மாதிரிதான். மிச்சமான நேரம் அங்கே போய்விடுகிறது. குழந்தைகளுக்கு வேர் எப்படி வருகிறது என்று காட்ட ஒரு சின்னத் துண்டை இப்படி வைக்கலாம். ஒரே ஒரு அருமையான துண்டுதான் கையில் இருக்கிறது என்றால் வைக்காதீர்கள்.

எதிலும் வைக்காமல் விட்டுவிடுவது

இதை நான் கற்றுக்கொண்டது மறதியால். காய வைத்த துண்டு ஒன்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இரண்டு மாதம் மறந்துபோனேன். எடுத்துப் பார்த்தால் அடியில் ஐந்தாறு வேர்முனைகள், மண்ணும் இல்லை நீரும் இல்லை! பிறகு வேண்டுமென்றே அப்படிச் செய்யத் தொடங்கினேன். வெறும் தொட்டியின் வாயில் துண்டை நிமிர்த்தி நிறுத்தி, அடி காற்றில் இருக்க, வெளிச்ச நிழலில் விட்டுவிடுவது. வேர்முனை தெரிந்ததும் கலவையில் நடுவது.

நான்கில் அழுகல் ஆபத்து மிகக் குறைந்தது இதுதான். எப்போது நீர் விடலாம் என்ற குழப்பமும் கிடையாது, வேர் கண்ணெதிரே இருக்கிறது. குறை இரண்டு: பொறுமை அதிகம் வேண்டும், வேர்முனை தெரிந்த பிறகும் நடாமல் விட்டால் முனை காய்ந்து கருகும். விலை உயர்ந்த, தடித்த, திரும்பக் கிடைக்காத துண்டு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். மற்றதற்கெல்லாம் காய்ந்த கலவை.

நுனியா, நடுத்துண்டா?

நீளமான ஒரு தண்டை இரண்டு மூன்றாக வெட்டும்போது எதை முதலில் நடுவது என்ற கேள்வி வரும். நுனித்துண்டுக்குக் குருத்து இருக்கிறது. வேர் பிடித்ததும் அதே வாக்கில் மேலே போகும், வடுவே தெரியாது. நடுத்துண்டு இருபக்கமும் காயம்பட்டது, குருத்தும் இல்லை. வேர்விட்ட பிறகு பக்கத்து முள்மெத்தை (முள் கிளம்பும் சிறு திட்டு) ஒன்றிலிருந்து புதுக் கிளை வர வேண்டும், அதற்குச் சில மாதம் பிடிக்கும். கிளை பக்கவாட்டில் கிளம்புவதால் பழைய தூண் அழகு போய்விடும். எண்ணிக்கை பெருக்க நடுத்துண்டு, உருவத்துக்கு நுனித்துண்டு. நடுத்துண்டில் எது அடி, எது தலை என்று வெட்டும்போதே குறித்து வையுங்கள். தலைகீழாக நட்டால் முளைப்பது தகராறு.

தாய்ச்செடியில் பக்கக்கிளை சேரும் இடம் கழுத்துப்போல் இடுங்கியிருந்தால், இரண்டையும்விட அதுதான் யோகம். அங்கே வெட்டினால் காயம் சிறிது, ஆறுவதும் சீக்கிரம்.

எந்தக் கள்ளி?

செரியஸ், டிரைக்கோசெரியஸ் இரண்டும் தவறுகளை மன்னிக்கும், முதல் துண்டு இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். நீலச் சாம்பல் பூத்த மிர்டில்லோகாக்டஸும் நன்றாகவே வேர்விடும், குளிரும் ஈரமும் சேர்ந்தால் மட்டும் முகம் சுளிக்கும். மெக்சிகோவின் நரைமுடிக் கிழவர் செஃபலோசெரியஸ் செனிலிஸ் விஷயம் வேறு. மெதுவாக வளர்வது, அடி அழுகவும் தயங்காதது. அதை விதையிலிருந்து வளர்ந்த செடியாக வாங்குவதே நிம்மதி. அரிசோனாப் பாலைவனப் படங்களில் கை தூக்கி நிற்கும் சகுவாரோவை வெட்டி வளர்க்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். அதன் துண்டு வேர்விடுவது அரிது. விதையிலிருந்து வந்தாலோ முதல் 8 ஆண்டில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் வளரும்.

இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் கள்ளி என்று சொல்வதில் சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற பால் வடியும் யூபோர்பியாக்களும் அடக்கம். அவை கேக்டஸ் குடும்பமே இல்லை. தூண் வடிவ யூபோர்பியாவும் கேக்டஸ் என்ற பெயரிலேயே பலர் கைக்கு வருகிறது. முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு மெத்தை மாதிரி ஒரு சிறு திட்டு இருந்தால் கேக்டஸ். கீறினால் வெள்ளைப் பால் கொட்டினால் பெரும்பாலும் யூபோர்பியா. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போட்டு வெட்டி, பால் நிற்கும்வரை வெட்டுமுகத்தைக் குளிர்ந்த நீரில் காட்டிவிட்டு, பிறகு காய வையுங்கள். அதற்குமேல் காய்ந்த கலவை முறைதான் அதற்கும்.

பொடிகளும் தொட்டியும்

வேர் ஊக்கிப் பொடி செரியஸுக்குத் தேவையே இல்லை. போட்டால் சில நாள் முந்தலாம், போடாவிட்டாலும் வரும். தடித்த காயத்துக்குக் கந்தகப் பொடி தூவுவது பூஞ்சைக்கு எதிராக நல்ல காப்பு. இலவங்கப்பட்டைப் பொடி காயத்தை உலர்த்துகிறது, அதைத் தாண்டி நான் எதையும் பார்க்கவில்லை. தேனும் கற்றாழைச் சோறும் பூசச் சொல்வார்கள், உலர வேண்டிய இடத்தில் ஈரத்தை ஏன் பூச வேண்டும்? இவை எல்லாவற்றையும்விடக் கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு ஆல்கஹாலால் துடைப்பது உருப்படியான வேலை. வெட்டுமுகத்தில் பழுப்பு அல்லது ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் சுத்தமான சதை வரும்வரை மறுபடி மறுபடி மேலே வெட்ட வேண்டும்.

தொட்டியில் மண்தொட்டிக்கே என் ஓட்டு. சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும், கனம் இருப்பதால் உயரமான துண்டு சாயாது. பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேர் நன்றாகப் பரவிய செடிக்கு அது பாதகமில்லை, வேரில்லாத துண்டுக்குப் பாதகம். பெரிய தொட்டி வேண்டாம், தண்டின் பருமனைவிடச் சில சென்டிமீட்டர் அகலம் போதும்.

நடும் ஆழத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு மீட்டர் துண்டு ஆடாமல் நிற்கட்டும் என்று ஒரு சாண் ஆழம் புதைப்பார்கள். புதைந்த பச்சைத்தோல்தான் முதலில் அழுகும். 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல், சுற்றிலும் மூன்று குச்சி நட்டு, பழைய துணிக்கீற்றால் தளர்வாகக் கட்டி நிறுத்துவதே நல்லது. தாய்ச்செடியில் சூரியனைப் பார்த்திருந்த பக்கத்தை முன்பே குறித்து வைத்தால், வெயிலுக்கு நகர்த்தும்போது அந்தப் பக்கமே வெயிலைப் பார்க்கும்படி வைக்கலாம். நிழலில் இருந்த தோல் திடீரென்று வெயில் பட்டால் வெளுத்து வெந்துபோகும், அந்த வடு போகவே போகாது.

நுனியில் புது முள் வந்துவிட்டது, வேர் பிடித்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். சேமிப்பில் இருக்கும் நீரை வைத்தே நுனி கொஞ்சம் வளரும். துண்டை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், எதிர்த்துப் பிடித்தால் வேர் உண்டு. அதற்குப் பிறகே நிறைவாக நீர். குச்சிகளை மட்டும் ஓர் ஆண்டு அப்படியே விட்டுவையுங்கள்.

வெட்டிய இடத்தில் நிற்கும் தூரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீர் தேங்காதபடி சற்றுச் சரிவாக வெட்டியிருந்தால் காயம் ஆறிய பின் விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று கிளைகள் கிளம்பும். குருத்து இருந்தவரை அது அடக்கி வைத்திருந்த முள்மெத்தைகள் அவை. வேர் ஏற்கெனவே இருப்பதால் இந்தக் கிளைகள் நீங்கள் நட்ட துண்டை வேகத்தில் முந்திவிடும். அடுத்த வெட்டுக்கு ஆளும் தயார்.