டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை முடிந்தது என்று சொன்னால், காசு கொடுப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

எங்கள் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஆக்சிலுக்கு அனுப்பும் பெட்டி) வேலையில் இரண்டு மாதத் தவணைக் காசு போச்சு. கனரக வண்டிகளின் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை மட்டும் பார்க்கிற வகைப் பட்டறை, பெயர் வேண்டாம். புது செயினையும் பேரிங்கையும் பெட்டியோடு கையில் கொடுத்துக் காட்டினார்கள். அதிலேயே முழு நம்பிக்கை வந்துவிட்டது. புது சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) எங்கே, கழற்றிய பழைய சீல் எங்கே என்று கேட்காமல் விட்டதுதான் தப்பு.

மறுநாளே வேகம் ஏறினால் தரைத்தகடு அதிர்ந்தது. மூன்றாம் நாள் பின்பக்க அவுட்புட் சீலில் (பின் ஷாஃப்ட் கேஸிலிருந்து வெளியே வரும் இடம்) எண்ணெய். போன் போட்டால், "புது சீல்ங்க, நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." அதிர்வைச் சொன்னால், "அது டயர், பேலன்ஸ் பாருங்க." நேரில் போனால், "முதலாளி வெளியூர்ல." அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

செட் எல்லாம் ஆகாது. துடைத்த பிறகும் கசிகிற சீல் தானாக நிற்காது. பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டை இறக்கியபோது காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது: ஸ்லிப் யோக்கில் (ஷாஃப்ட் முனையில் கேஸுக்குள் நுழையும் குழல்) சீல் உதடு, அதாவது வளையத்தின் உள் விளிம்பு, உட்காரும் இடத்தைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டி நிற்கிறது. நகம் தட்டினால் அந்த யோக்கின் மேல் எந்தப் புது சீலும் நிற்காது. யோக்கை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ரிப்பேர் ஸ்லீவ் (தேய்ந்த இடத்தை மூடும் மெல்லிய உலோக உறை) ஏற்ற வேண்டும். இதே இடத்தில் யோக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அவுட்புட் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் சீல் மட்டும் மாற்றி என்ன பயன்? உதடு ஒரு பக்கமாகத் தேய்ந்து மறுபடி கசியும்.

சீல் போடும் முறையும் முக்கியம். உதட்டைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும். சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் சாய்ந்து உட்காரும். சீலின் அளவுக்குச் சரியான சீல் டிரைவர் (சீலை அழுத்தி இறக்கும் கருவி) வைத்து நேராக இறக்க வேண்டும். ஓடும்போது கசிகிறதா என்று அறிய யோக்குக்கு நேர் மேலே தரைத்தகட்டைப் பாருங்கள். சுற்றுகிற யோக் எண்ணெயை வீசியடிப்பதால் அங்கே குறுக்காக ஒரு கோடு விழுந்திருக்கும். பிரீதர் (உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் குழாய்) அடைத்திருந்தாலும் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவே எண்ணெயைத் தள்ளும். அந்தக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்கிற பட்டறையே குறைவு.

அதிர்வுக்கு வருகிறேன். டயர் என்று சொன்னது பொய். பின் ஆக்சில் விகிதம் 4 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் 4 சுற்று சுற்றுகிறது. டயர் கோளாறு மெதுவான ஆட்டமாக வரும், ஷாஃப்ட் கோளாறு தரையில் ரீங்காரமாக வரும். கோணத்தில் ஓடும் யுனிவர்சல் ஜாயின்ட் (ஷாஃப்ட் முனையில் மடங்கித் திரும்பும் இணைப்பு) ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (ஜாயின்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றைச் சமன் செய்யும். ஸ்லிப் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடும் பல் இணைப்பு) நடுவில் இருக்கும் சாதாரண இரண்டு ஜாயின்ட் ஷாஃப்டில், அதை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அது கெடும். எங்கள் ஷாஃப்டில் குறி வைக்காமலே கழற்றியிருக்கிறார்கள். இரண்டு மாதத் தவணைக் காசு வாங்கியவர்களுக்கு ஒரு துளி பெயின்ட் கிடைக்கவில்லை!

யுனிவர்சல் ஜாயின்டின் கிராஸ் பேரிங் கப்பில் சர்க்லிப் (கப்பைப் பிடித்து நிறுத்தும் கம்பி வளையம்) நான்கும் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் நான்கு கப்பிலும் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். ஒரு கப்பில் வரவில்லை என்றால் அந்தக் கப்தான் முதலில் வறண்டு சாகும்.

வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் நடக்கும் கசிவு ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு நேராக ஒட்டியிருக்கும் வண்டிகளில் நடுவில் உள்ள சீல் போனால் கியர் பாக்ஸ் எண்ணெய் இந்தப் பக்கம் வந்துவிடும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி நிரப்பும் பிளக்கைத் திறக்கும்போது எண்ணெய் கொட்டினால், உடனே கியர் பாக்ஸ் அளவைப் பாருங்கள். அங்கே குறைந்திருந்தால் ஓட்டாதீர்கள்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு: கழற்றும் முன் ஷாஃப்டிலும் பிளாஞ்சிலும் (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) குறி வையுங்கள். பழைய சீலைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் இறக்கும் முன் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தாலோ ஷாஃப்ட் இறங்கியிருந்தாலோ கியரில் போட்டாலும், ஆட்டோமேட்டிக் வண்டியை ‘பார்க்’ (P) நிலையில் வைத்தாலும் அது வண்டியைப் பிடிக்காது, சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகாதீர்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள். நாங்கள் பார்த்தபோது பிளாஞ்சில் நான்கில் இரண்டு கையாலேயே சுற்றியது.