மேசைக் கணினிக்கு எந்த சயின்டிபிக் கால்குலேட்டர்: விண்டோஸா, ஸ்பீட்கிரஞ்சா, குவால்குலேட்டா?

ஒரு மா நிலத்தில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்ட எத்தனை லிட்டர் வேண்டும்? தஞ்சை, திருவாரூர் பக்கம் வழங்கும் கணக்கில் ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இந்த ஒரே கணக்கை மூன்று இலவச கால்குலேட்டர்களிலும் போட்டுப் பார்த்தால் எது யாருக்குச் சரிவரும் என்று தெரிந்துவிடும்.

விண்டோஸோடு வருவதில் 14400 × 0.09290304 × 0.05 × 1000 என்று வரிசையாக அடித்தால் 66,890 லிட்டர் வரும். சதுர அடியைச் சதுர மீட்டராக்கும் எண்ணை இந்த வரியில் நாம்தான் அடிக்க வேண்டும். நடுவில் ஓர் எண் தவறினால் கர்சரை அங்கே கொண்டுபோய்த் திருத்த வழியில்லை. இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு: ஸ்டாண்டர்டு முறையில் 2 + 3 × 4 அடித்தால் 20 என்று காட்டும், சயின்டிபிக் முறையில் 14. மெனுவில் முறையை மாற்றாமல் தேர்வுக்குப் பயிற்சி செய்யும் பாலிடெக்னிக் மாணவருக்கு விடை ஏன் ஒத்துவரவில்லை என்றே புரியாது. கடை பில்லைக் கூட்ட இது போதும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

ஸ்பீட்கிரஞ்சில் முழுக் கணக்கையும் ஒரே வரியில் எழுதலாம், அடிக்கும்போதே விடை தெரியும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய வரி திரும்ப வரும். 0.05-ஐ 0.03 ஆக்கி என்டர் தட்டினால் புது விடை ரெடி. குழிக்கு 144 என்று ஒரு மாறியும் வைத்துக்கொள்ளலாம். நிறுவத் தேவையில்லாத போர்ட்டபிள் பதிப்பும் இருப்பதால், அட்மின் பாஸ்வேர்டு தராத கல்லூரி லேபில் பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். 2016-இல் வந்த 0.12 பதிப்பு பழைய கணினியிலும் திணறாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ஓர் ஏக்கரின் சதுர அடியை 43,560 என்று காற்புள்ளியோடு அடித்தால் அதைத் தசமப் புள்ளியாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. 43560 என்றே அடியுங்கள்.

நிலம், நீர், உரம் என்று அலகு மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது குவால்குலேட். இதில் அலகையும் எண்ணோடு சேர்த்தே எழுதலாம். 1 ஏக்கரை 5 செ.மீ.யால் பெருக்கி லிட்டராக்கச் சொன்னால் 2,02,343 என்று தானே தரும். நீளத்தோடு கிலோவைக் கூட்டினால் இரண்டையும் ஒன்றாக்காமல் அப்படியே விட்டுவிடும், தவறு உடனே கண்ணில் படும். நம் ஊர் அளவையும் சேர்க்கலாம். அலகுகளை நிர்வகிக்கும் ஜன்னலில் புதிய அலகு ஒன்றைத் தொடங்கி, அடிப்படை அலகாக அடி, அடுக்கு 2, மதிப்பு 144 என்று கொடுத்தால் குழி தயார். குழியை 100 மடங்காக்கி மா, மாவை 20 மடங்காக்கி வேலி. பெயரை ஆங்கில எழுத்தில் கொஞ்சம் நீளமாகவே வையுங்கள். மா என்பதை இரண்டே எழுத்தில் வைத்தால் மில்லி என்ற முன்னொட்டோடு குழம்பலாம். பிறகு ஒரு மாவுக்கான தண்ணீரை வினாடிக்கு 10 லிட்டர் தரும் மோட்டாரால் வகுத்தால், மண்ணில் இறங்குவதைக் கணக்கில் சேர்க்காமல், சுமார் 1 மணி 51 நிமிடம் என்று வந்து நிற்கும். மெனுக்கள் அதிகம், முதல் வாரம் தேடத்தான் வேண்டியிருக்கும். உபுண்டுவில் மென்பொருள் கடையிலேயே கிடைக்கிறது, விண்டோஸுக்கும் உண்டு.

எதை நிறுவினாலும் முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி, −0.988 வந்தால் ரேடியன். அமைப்பில் கோண அலகை மாற்றிவிட்டுத்தான் சர்வே கணக்கைத் தொடங்க வேண்டும். அடுத்தது லாக். விண்டோஸில் லாக் பொத்தான் 10 அடிமானம். ஸ்பீட்கிரஞ்சில் 10 அடிமானத்துக்கு எல், ஜி என்ற இரண்டே எழுத்து, லாக் என்று முழுதாக எழுதினால் அடிமானத்தையும் கேட்கும். மண்ணின் பிஎச் கணக்குப் போடுபவர்கள் முதலில் 100-க்கு லாக் எடுத்து 2 வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. 4.605 வந்தால் அது இயல் மடக்கை, அதாவது e அடிமான லாக். தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருந்தால் சைனும் லாக்கும் தமிழ் எழுத்தாக விழுந்து பிழை காட்டும், அடிக்கும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.