சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம்: படுக்கையில் விழுந்த பிறகும் பணம் வருமா?

செட்டிநாட்டில் வயதானவர்களின் சொத்து பெரும்பாலும் வீடாகத்தான் இருக்கிறது. முகப்பு முதல் கடைசிக் கட்டு வரை நாலைந்து பங்காளிகளுக்குப் பங்குள்ள வீட்டை வைத்துக்கொண்டு பராமரிப்புச் செலவுக்குப் பணம் புரட்ட முடியாது. வீட்டை அடமானமாக வைத்துத் தவணை தவணையாகப் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடனை வங்கிகள் தருகின்றன. அதற்கு, வீடு சுயசம்பாத்தியமாகவும் வில்லங்கம் இல்லாமலும் இருக்க வேண்டும். பூர்வீகப் பங்கு வீடு அங்கேயே அடிபட்டுப் போகும். பர்மாத் தேக்குத் தூணைக் காட்டி மருந்துக்கடையில் கடன் சொல்லவா முடியும்? ஆகவே ரொக்கத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடாக சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் நன்றாகவே நிற்கிறது, கணக்கு தொடங்கும் நாளிலேயே சில விஷயங்களைச் சரியாகச் செய்தால்.

60 வயது முடிந்தவர் அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஆயிரம் ரூபாய் முதல் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. போடும் நாளில் உள்ள வட்டியே ஐந்து வருடமும் மாறாது. கணவனும் மனைவியும் தனித்தனியாக 30 லட்சம் போடலாம்.

பலர் சறுக்குவது, முழுத் தொகையையும் ஒரே கணக்கில் போடுவதில். இதில் பாதியை மட்டும் எடுக்கும் வழி இல்லை. எடுத்தால் கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடத்துக்குள் மூடினால் வாங்கிய வட்டியை அசலில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம் கழியும், அதற்குப் பிறகு ஒரு சதவீதம். ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பு அறுவைக்கு 4 லட்சம் அவசரமாகத் தேவைப்பட்டால், மூன்றாம் வருடத்தில் 30 லட்சம் கணக்கை உடைக்க 30,000 ரூபாய் போகும். அதையே ஐந்தைந்து லட்சமாக ஆறு கணக்குகளாக வைத்திருந்தால் 5,000 ரூபாயோடு முடியும், மற்ற ஐந்தும் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கும். மாதம் ஒன்றாகத் தொடங்குங்கள். முதிர்வும் தள்ளித் தள்ளி வரும்.

குறை என்றால், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். துணைக்கு இருக்கும் ஆளுக்குச் சம்பளம் மாதாமாதம். கொஞ்சத்தை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால் இடைவெளி அடைபடும்: 7.4 சதவீத வட்டியில் 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய். இன்னொரு குறை, சம்பளம் வருடா வருடம் ஏறும், வட்டி ஏறாது. வரும் வட்டி முழுவதையும் செலவுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

நினைவு தப்பினால் என்ன ஆகும்? தங்களுக்காகக் கையெழுத்திடப் பிள்ளைக்கு பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் செல்லாது, நம் நாட்டுச் சட்டம் அப்படித்தான். இந்தத் திட்டத்தில் மகனையோ மகளையோ கூட்டாகச் சேர்க்கவும் முடியாது. கணவன் அல்லது மனைவி மட்டும்தான். ஆனால் வட்டி தானாகச் சேமிப்புக் கணக்கில் விழும்படி எழுதிக் கொடுக்கலாம். அந்தச் சேமிப்புக் கணக்கில் பிள்ளையைச் சேர்த்து, இருவரில் யார் கையெழுத்திட்டாலும் எடுக்கும் ‘பி’ வகைக் கூட்டுக் கணக்காக வைத்தால், பெரியவர் படுத்துவிட்டாலும் வட்டி கைக்கு வரும். அசலுக்கு மட்டும் அவர் கையெழுத்து வேண்டும். கை நடுங்கத் தொடங்கியதும் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்துவிடுங்கள். பழையதோடு ஒத்துப்போகாமல் கவுண்டரில் படிவம் திரும்புவது சாதாரணம். முதிர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுதிக் கொடுத்து, கணக்கை மேலும் மூன்று வருடத்துக்கு நீட்டலாம். விட்டுவிட்டால் வெறும் சேமிப்புக் கணக்கு வட்டிதான்.

வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் 15எச் என்று பழகிய உறுதிமொழிப் படிவத்தைக் கொடுக்காவிட்டால் வட்டியில் வரிப் பிடித்தம் போகும். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பேரில் தொடங்க முடியாது. பெற்றோருக்கு அனுப்பி அவர்கள் பேரில் போடலாம். நாமினி பணத்தை வாங்கும் ஆள்தான், வாரிசு உரிமை வேறு. உயிலில் இந்தக் கணக்குகளையும் எழுதுங்கள்.

இந்த வம்பெல்லாம் எதற்கு, சொத்தை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதினால் அவன் பார்த்துக்கொள்வான் என்பது ஊர் வழக்கம். எழுதுங்கள், ஆனால் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை உங்களுக்கு நிறுத்தி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். நிபந்தனை தெளிவாக இருந்தால் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்க வழி சுலபம். காரைக்குடிப் பக்கத்தவர் தேவகோட்டைக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். அதே சட்டத்தில் பிள்ளையிடமிருந்து ஜீவனாம்சம் கேட்டால் மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு, மேலே சொன்ன 20,500 ரூபாய் வட்டியில் பாதிகூட இல்லை.