ஸ்டார்ட் ஆகாத டீசல் காருக்கு 55,000 ரூபாய்: பெங்களூர் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பெங்களூரில் பழைய டீசல் கார் வைத்திருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு தனியார் பட்டறையில் மார்ச் மாதம் 55,000 ரூபாயைப் பறிகொடுத்தேன். 780 ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டிய பழுது அது என்பதும், அதை உண்டாக்கியதே அந்தப் பட்டறைதான் என்பதும் பின்னர்தான் தெரியவந்தன.

என் வண்டிக்குப் பதினொரு வயது. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காமன் ரெயில் டீசல் எஞ்சின், அதாவது பம்பு மிகுந்த அழுத்தத்தில் அனுப்பும் டீசல் ஒரு பொதுக் குழாயில் (ரெயில்) தேங்கி, அங்கிருந்து அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் வகை. அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்காக வேலூருக்கு அழைத்துச் செல்ல விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியபோது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகவே எடுத்தது, பேட்டரியும் புதியது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. அதற்கு முந்தைய பத்து நாட்களாகவே காலையில் மட்டும் செல்ஃபை நான்கைந்து நொடிகள் பிடித்திருக்க வேண்டியிருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை, பொருட்படுத்தியிருக்க வேண்டும். அன்று அம்மாவை வாடகைக் காரில் அனுப்பிவிட்டு, 1,800 ரூபாய் கொடுத்து வண்டியை லாரியில் ஏற்றி, மூன்று வாரங்களுக்கு முன் சர்வீஸ் செய்த அதே பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மேலாளர் தர்மபுரிப் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுபவர். நம் ஊர்க்காரர் என்பதாலேயே கூடுதலாக நம்பினேன்.

ஸ்கேனரைப் பொருத்தி, பி0087 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வருவதை அவர் என்னிடம் காட்டினார். "பாருங்க சார், கம்ப்யூட்டரே சொல்லுது, பம்பும் இன்ஜெக்டரும் போயிடுச்சு" என்றார். இரண்டு புதிய இன்ஜெக்டருக்கு 29,000, பம்பைப் பிரித்துச் சரிசெய்ய 16,000, குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குக்கு 6,400, கூலி 7,500, ஆக மொத்தம் 58,900 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். பேசி 55,000 ரூபாய்க்கு முடித்தோம்.

அந்தக் கோடு உண்மையில் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அதுதான். ரெயில் குழாயில் டீசலின் அழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறது என்பது மட்டுமே பி0087 என்பதன் பொருள். பெரும்பாலான காமன் ரெயில் எஞ்சின்களில், செல்ஃப் சுற்றும்போது அழுத்தம் ஏறத்தாழ 200 பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தொட்டால்தான் கட்டுப்பாட்டுக் கருவி இன்ஜெக்டர்களைத் திறக்கும். அதற்குக் கீழே இருந்தால் எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் எஞ்சின் பிடிக்காது. அழுத்தம் ஏறாமல் போவதற்கு ஃபில்டர் அடைப்பு, குழாயில் காற்று, பம்பில் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு, இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழியும் டீசல், கடைசியாகப் பம்பு என்று பல காரணங்கள் உண்டு. இன்ஜெக்டர்தான் காரணம் என்று சொல்பவர், நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் வாயிலும் சிறு குழாய்களைப் பொருத்தி, எதிலிருந்து அளவுக்கு மீறி டீசல் வழிகிறது என்பதை நம் கண்முன்னே அளந்து காட்ட முடியும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத அந்தச் சோதனையை அவர்கள் செய்யவில்லை. அப்படி ஒரு சோதனை இருப்பது எனக்குத் தெரியாததால் நானும் கேட்கவில்லை.

அங்கே கண்ட இன்னொன்றையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். ஒரு பையனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு பையன் ஸ்பேனரால் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தான். பழைய காலத்து டீசல் எஞ்சின்களில் காற்றெடுக்க, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அப்படிச் செய்வார்கள். காமன் ரெயில் எஞ்சினில் அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் புகுந்துவிடும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. யாரும் அவனைத் தடுக்கவில்லை.

ஆறு நாட்கள் கழித்து வண்டி வந்தது. பட்டறை வாசலில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. மூன்றாம் நாள் காலையில் எங்கள் அடுக்ககத்தின் சரிவில் மீண்டும் அதே கதை. கைபேசியில் அழைத்தபோது, டைமிங் செயின் தளர்ந்திருக்கும் என்றும், இன்னும் 35,000 ரூபாய் ஆகும் என்றும், 2020-க்குப் பிறகு பல டீசல் எஞ்சின்கள் நின்றுவிட்டதால் தாமதித்தால் பாகமே கிடைக்காது என்றும் சொன்னார்கள். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலோடு சில நிறுவனங்கள் டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது உண்மைதான். ஆனால் பழைய வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் பெங்களூரின் உதிரி பாகச் சந்தையான ஜே.சி. ரோட்டில் இன்றும் கிடைக்கின்றன. நானே நேரில் போய் விசாரித்தேன்.

பிறகு என் மைத்துனர் ஈஜிபுராவிலிருந்து ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்துவந்தார். அவர் ஸ்கேனரைத் தொடவில்லை. "ராத்திரி வண்டிய எப்படி சார் நிறுத்துவீங்க, மூக்கு மேலயா கீழயா?" என்று முதலில் கேட்டார். சரிவில், மூக்கு மேலே இருக்கும்படி என்றேன். பகலில் ஓட்டி நிறுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று கேட்டார். ஆகிறது என்றேன். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாயைச் செருகிச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். கண்ணாடிக் குழாய் என்றால் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்தான். அதில் டீசலோடு சோடா நுரை போலக் குமிழிகள் ஓடின.

"வெளிய ஒழுகலையேன்னு பாக்காதீங்க சார். இந்த வண்டியில டேங்குக்குள்ள மோட்டார் கிடையாது, பம்புதான் டீசலை உறிஞ்சி இழுக்குது. ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும்" என்றார். ஃபில்டரைக் கழற்றியபோது அதன் மூடியில் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பள்ளத்தில் சரியாக உட்காராமல், ஓரிடத்தில் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. முந்தைய சர்வீஸில் ஃபில்டர் மாற்றியவர்கள் செய்த வேலை அது. இரவு முழுவதும் அந்த வெட்டு வழியாகக் காற்று புகுந்து, சரிவில் நிற்கும் வண்டியின் குழாயிலிருந்த டீசல் பின்னாலிருக்கும் டேங்குக்கே இறங்கியிருக்கிறது. சமதளமான பட்டறையில் கைப்பம்பை அழுத்திக் காற்றெடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து காட்டியதால்தான் அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஓ-ரிங்கும் ஒரு கிளிப்பும் 180 ரூபாய், கூலி 600 ரூபாய்.

எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்ததில் வேறொன்றும் வெளிப்பட்டது. நான்கு இன்ஜெக்டர்களின் போல்ட்டுகளிலும் பல வருட எண்ணெய்ப் புழுதி அப்படியே இறுகியிருந்தது; ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இன்ஜெக்டரைக் கழற்றினால் அடியிலுள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். அங்கே எதையும் கழற்றவே இல்லை. "உங்க பழைய இன்ஜெக்டர்" என்று அவர்கள் சாக்கில் கட்டிக் கொடுத்த இரண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தோம். அவற்றின் கனெக்டர் என் வண்டியின் வயரில் நுழையவே இல்லை. ஹீட்டர் பிளக்குகளை மட்டும் உண்மையாகவே மாற்றியிருந்தார்கள். ஆனால் பெங்களூரின் மார்ச் மாதக் காலையில் இத்தகைய எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு அவை தேவையே இல்லை.

என்னிடம் இருப்பது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட தாள் மட்டுமே. ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேட்டபோது 18 சதவீதம் கூடுதலாகும் என்றார்கள், பணத்தை ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பில் இல்லாதது வழக்கைக் கடினமாக்கும். ஆயினும் யுபிஐ பதிவும், எஸ்டிமேட் தாளும், வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாகும் என்று வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது.

பட்டறைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன, பதில் இல்லை. வெட்டுப்பட்ட ஓ-ரிங்கையும், என் வண்டிக்குப் பொருந்தாத அந்த இரண்டு இன்ஜெக்டர்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கிழக்குப் பகுதியில் வேறு யாருக்கேனும் இதே போல் "பழைய பாகம்" என்று சாக்கு கட்டிக் கொடுத்திருந்தால், தயவுசெய்து அதைத் தூக்கி எறியாதீர்கள். ஒருமுறை உங்கள் வண்டியின் வயரில் செருகிப் பாருங்கள்.