பாம்பின் தோல் சிக்கல்: ஊறவைப்பதா, உலரவைப்பதா, மருந்தடிப்பதா?

செல்லப் பாம்பின் தோலில் ஏதாவது கோளாறு தெரிந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தண்ணீரில் ஊறவை என்பார் ஒருவர். தண்ணீரே படக்கூடாது என்பார் இன்னொருவர். ஆலிவ் எண்ணெய் தடவினால் போதும் என்று மூன்றாவது ஆள் அடித்துச் சொல்வார். மூன்றுமே ஏதாவது ஒரு பாம்புக்குப் பலித்திருக்கும். ஆனால் சட்டை ஒட்டிக்கொண்ட பாம்புக்கு மருந்தாகிற அதே ஈரம், வயிற்றுச் செதில் புண்ணான பாம்புக்குக் கெடுதல். எனவே வைத்தியங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது, சிக்கல் எது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உலகம் முழுக்க வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பால் பைத்தானையும் (ball python) கார்ன் ஸ்நேக்கையும் (corn snake) மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்தியாவில் நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வைத்திருக்க முடியாது. மற்ற நாடுகளில் இருப்பவர்களும் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டை உரியாமல் ஒட்டிக்கொண்டால்

ஆரோக்கியமான பாம்பு சட்டையை ஒரே துண்டாகக் கழற்றும். மூக்கு நுனியில் தொடங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி புரண்டு, வால் நுனி வரை முழுசாக வரும். அதற்குச் சில நாட்கள் முன்பே கண் நீலம் கலந்த வெண்மையாக மங்கிவிடும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் ஊறுவதால் வரும் மங்கல் அது. பிறகு கண் தெளியும். தெளிந்து சில நாட்களில் சட்டை கழன்றுவிடும். காற்று வறண்டிருந்தாலோ உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருந்தாலோ அது துண்டு துண்டாகக் கிழியும், அங்கங்கே ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பது, ஈரத் துணிக்குள் விடுவது, கூண்டுக்குள்ளேயே ஈரப் பாசி நிரப்பிய ஒளிவிடம் வைப்பது, கடையில் விற்கும் ஸ்ப்ரே அடிப்பது.

பெரும்பாலானவர்கள் முதலில் தொட்டிக் குளியலுக்குத்தான் போகிறார்கள். சுமார் 30 டிகிரி செல்சியஸ் தண்ணீர், பாம்பின் உடம்பு உயரத்துக்கு மேல் போகாத ஆழம், 15 முதல் 20 நிமிடம். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பால் பைத்தான் கூச்ச சுபாவம் உள்ள பாம்பு. பிடித்துத் தண்ணீரில் போட்டால் மிரண்டுபோகும், அடுத்த வேளை இரையைக் கூடத் தொடாமல் விட்டுவிடலாம். மூடி போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது ஆபத்து, பாம்பு களைத்து மூழ்கிவிடலாம். இன்னொன்று, தண்ணீரில் ஊறிய சட்டையை உரசித் தள்ள அங்கே சொரசொரப்பாக எதுவும் கிடையாது.

ஈரத் துணி இதைவிட மேல் என்பேன். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த டர்க்கி டவலைப் போட்டு, பாம்பை அரை மணி நேரம் அதன் மடிப்புகளுக்குள் ஊர விடுங்கள். ஊரும்போது துணியே பழைய தோலைப் பிடித்து இழுத்துவிடும். நம் கை படவேண்டிய தேவை மிகக் குறைவு. வால் நுனியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய சட்டை அங்கே மெல்லிய வளையமாகத் தங்கும். காய்ந்தால் இறுகும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று வளையம் சேர்ந்துவிட்டால் ரத்த ஓட்டம் நின்று வால் நுனி கறுத்து உதிரும். ஈரத் துணியால் வாலைப் பிடித்து, பாம்பைத் தானாக முன்னால் நகர விடுங்கள். வளையம் துணியோடு வந்துவிடும்.

இப்போதைய ஒட்டலைக் கழற்றத்தான் இந்த இரண்டும். அடுத்த முறை ஒட்டாமல் இருக்க ஈர ஒளிவிடத்துக்கு ஈடில்லை. மூடியுள்ள டப்பா, பக்கத்தில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, உள்ளே பிழிந்த ஸ்பேக்னம் பாசி. கண் மங்கியதும் கூண்டில் வைத்துவிட வேண்டும், வாரம் ஒருமுறை பாசியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம், எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் பாம்பு. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை அங்கேயும் அப்படியே நடக்கிறது. வெளியே வெயில் காய்ந்தாலும் புற்றுக்குள் ஈரம் இருக்கும். அந்த வசதியைத்தான் நாம் டப்பாவில் செய்து கொடுக்கிறோம். எப்போது போவது, எவ்வளவு நேரம் இருப்பது என்பதைப் பாம்பே முடிவுசெய்கிறது.

கூண்டு முழுக்க ஈரப்பதத்தை ஏற்றுவது இதற்கு அடுத்தபடி. பால் பைத்தானுக்கு 60 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ, கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும். கண்ணாடித் தொட்டிக்கு வலை மூடி போட்டிருந்தால் ஈரம் மேலே ஓடிவிடும். மூடியின் பெரும்பகுதியை மறைத்து, தரையில் தேங்காய் நார்த்துகளைத் தடிமனாகப் பரப்பி, மூலைகளில் தண்ணீர் ஊற்றினால் அடிப்பகுதி நனைந்து மேற்பரப்பு காய்ந்திருக்கும். தினமும் ஸ்ப்ரே பாட்டிலால் தெளிப்பது இதற்கு நேர் எதிர்: ஈரப்பதம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், மேற்பரப்பு மட்டும் சொதசொதவென்று இருக்கும். அந்தச் சொதசொதப்பின் விளைவுக்குப் பிறகு வருகிறேன்.

கடையில் விற்கும் ‘சட்டை உரிய உதவும்’ ஸ்ப்ரேக்கள் ஈரத் துணியைவிட மேலாக எதையும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. காசு மிச்சம்.

கண்ணுக்குத் தனி விதி. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடிய கண்ணாடி போன்ற செதில் சட்டையோடு சேர்ந்து கழன்று வரவேண்டும். உரித்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கண் இடத்திலும் குவிந்த, நிறமற்ற சிறு வட்டம் இருந்தால் நல்லது. வெறும் ஓட்டை இருந்தால் அது கண்ணிலேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். டேப் ஒட்டி எடுப்பது, இடுக்கியால் கிள்ளுவது என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். அடியிலுள்ள புதிய செதிலும் சேர்ந்து பிய்ந்தால் கண்ணே போய்விடும். ஈர ஒளிவிடம் வைத்து அடுத்த சட்டை வரை காத்திருங்கள். அதிலும் வரவில்லையென்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். பால் பைத்தானின் கண் நீர்ச்சத்துக் குறைவாலும் சுருங்கிக் குழிந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டு, தங்கிப்போன செதில் என்று நினைத்துப் பிய்க்கப் போகிறவர்களும் உண்டு.

வயிற்றுச் செதில் புண்

பாம்பைத் தூக்கி வயிற்றுப் பக்கம் பார்க்கிறீர்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய அகலச் செதில்களின் விளிம்பில் பழுப்பு, நடுவில் சிவப்பு, சில இடத்தில் சிறு கொப்புளம். செதில் அழுகல் என்று சொல்வது இதைத்தான். எப்போதும் நனைந்த, அசுத்தமான தரையில் கிடப்பதால் தோல் இளகி, ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்துவிடும். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத வெப்பத் தட்டால் பட்ட தீப்புண்ணும் இப்படியே தெரியும். புண் இருக்கும் இடமும் வெப்பத் தட்டு இருக்கும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தட்டில் தெர்மோஸ்டாட் இல்லையென்றால் முதல் செலவு அதுதான்.

இங்கே ஊறவைப்பதற்கு இடமே இல்லை. ஈர ஒளிவிடத்தையும் நார்த்துகளையும் அப்புறப்படுத்திவிட்டு, வெறும் கிச்சன் டவல் விரித்து, அழுக்கானதும் உடனே மாற்ற வேண்டும். அதற்கு மேல் எந்தக் கிருமிநாசினி என்பதில்தான் போட்டி: போவிடோன் அயோடினா, குளோர்ஹெக்சிடினா?

எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பது அயோடின். 10 சதவீதக் கரைசலை லேசான டீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீரில் கலக்க வேண்டும். கிருமியைக் கொல்வதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சீழும் அழுக்கும் இருக்கும் இடத்தில் அதன் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும். தவிர, வயிறு முழுக்கப் பழுப்புக் கறை படியும். நேற்றைய சிவப்பு இன்று பரவியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்க முடியாமல் போவது இந்த நோயில் பெரிய இழப்பு. குளோர்ஹெக்சிடினுக்கு நிறமில்லை, தடவிய இடத்தில் சற்று நேரம் தங்கி வேலை செய்யும். 2 சதவீத மருந்தை ஒரு பங்குக்கு 39 பங்கு தண்ணீர் விட்டால் 0.05 சதவீதம் வரும், அது போதும். கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. பாம்பை அதில் ஊறப்போடவும் கூடாது, பஞ்சில் நனைத்துத் துடைத்தால் சரி. என் ஓட்டு குளோர்ஹெக்சிடினுக்கே. வீட்டில் இருக்கிறதே என்று டெட்டால் போன்ற ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளை எடுத்துவிடாதீர்கள், ஊர்வனவற்றுக்கு அவை நஞ்சு. ஆயின்மென்ட் போடுவதானால் வலி மரத்துப்போகும் மருந்து சேராததாகப் பார்த்து, மெல்லியதாகத் தடவுங்கள்.

இதெல்லாம் நிறம் மாறிய சில செதில்களுக்கு மட்டும். கொப்புளம் உடைந்தாலோ, வயிறு முழுக்க இளஞ்சிவப்பு பரவினாலோ, பாம்பு துவண்டு கிடந்தாலோ கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். ஊசி மருந்தில்லாமல் அது அடங்காது.

மைட் எனும் சிற்றுண்ணி

பாம்பு திடீரென்று நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தால் தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றிய பள்ளத்திலும் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்தது போல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், கிண்ணத்தின் அடியிலும் சில கிடக்கும். ரத்தம் குடித்த பெட்டை உண்ணி ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அது முட்டையிடுவது பாம்பின்மேல் இல்லை, கூண்டின் இடுக்குகளில். இந்த ஒரு விவரத்தை வைத்தே எல்லா வைத்தியங்களையும் எடை போட்டுவிடலாம்.

ஆலிவ் எண்ணெய் தடவினால் பாம்பின் மேலிருக்கும் உண்ணிகள் மூச்சுமுட்டிச் சாகும். குளிப்பாட்டினால் கொஞ்சம் மூழ்கிச் சாகும். கூண்டில் இருக்கும் முட்டைகளுக்கு இரண்டாலும் ஒன்றும் ஆகாது. கூண்டின் வெதுவெதுப்பில் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். எண்ணெய் பிசுபிசுத்த பாம்பைக் கழுவுவது தனி வேலை. அவசரத்துக்கு மட்டும் ஏற்கலாம்.

பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து ஸ்ப்ரே கூண்டைக் குறிவைக்கிறது. பாம்பையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வெளியே எடுத்து, காலிக் கூண்டில் லேசாக அடித்து, முழுக்கக் காய்ந்து வாசனை போன பிறகே பாம்பை விட வேண்டும். ஊர்வனக் கூண்டுக்கென்றே தயாரித்ததை, லேபிளில் சொன்ன அளவில் மட்டும். ஈரமாக இருக்கும்போதே பாம்பை விட்டால் நரம்பு பாதிக்கும். வீட்டில் பூனையோ மீன்தொட்டியோ இருந்தால் அந்த அறையிலேயே அடிக்காதீர்கள். இரண்டுக்குமே இது உயிர்க்கொல்லி. நாய்க்கு விற்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயைத் துணியில் நனைத்துப் பாம்பைத் துடைப்பவர்களும் உண்டு. அதில் ஆல்கஹால் கலந்திருக்கும், அளவு மீறினால் ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் நான் அதைத் தொட மாட்டேன். ஒட்டுண்ணிகளுக்குத் தரும் ஐவர்மெக்டின் மருந்தும் அப்படித்தான். அதே அறையில் ஆமை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொன்றுவிடும்.

உண்ணியைத் தின்னும் உண்ணியை விடுவதுதான் இப்போது பலருக்குப் பிடித்த வழி. ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிடஸ் என்ற இந்த மண்வாழ் இரைகொல்லி, பசுமைக்குடில்களில் பூச்சிக் கட்டுப்பாட்டுக்காக விற்கப்படுவது. பாம்பின் ரத்தம் அதற்கு வேண்டாம். செடியும் மண்ணும் வைத்து இயற்கையாக அமைத்த கூண்டைப் பிரித்துக் கழுவ முடியாதவர்களுக்கு இது அருமையான தீர்வு. ஆனால் ஈர மண் இருந்தால்தான் அது பிழைக்கும், வேகமும் குறைவு. பூச்சிமருந்து அடித்த கூண்டில் விட்டால் அதுவே செத்துப்போகும், ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. பாம்பு ஏற்கெனவே ரத்தம் இழந்து சோர்ந்திருந்தால் இதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

சாதாரணக் கூண்டு என்றால் என் வழி இது: தரைப் பொருளை மொத்தமாகக் கட்டி வெளியே எறிவது, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றுவது, வெள்ளைக் கிச்சன் டவல் விரிப்பது, அதன் பிறகு பெர்மெத்ரின். வெள்ளைத் தாளில் ஓர் உண்ணி நகர்ந்தாலும் கண்ணில் படும். புள்ளி தெரிவது நின்ற பிறகும் ஒரு மாதமாவது தாளிலேயே வைத்திருங்கள்.

எதிலும் சேராத பொருக்கு

ஈரப்பதம் சரி, தரை சுத்தம், உண்ணி இல்லை, ஆனாலும் முகத்திலோ முதுகிலோ செதில் தடித்து மஞ்சள் பழுப்பாகப் பொருக்குத் தட்டுகிறது, வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை உரிக்கிறது என்றால் ஒஃபிடியோமைகோசிஸ் என்ற பூஞ்சை நோயைச் சந்தேகிக்க வேண்டும். 2000-களின் நடுவிலிருந்து வட அமெரிக்கக் காடுகளின் விரியன்களில் கவனிக்கப்பட்டு, வளர்ப்புப் பாம்புகளிலும் கண்டறியப்பட்ட நோய் இது. இதற்கு வீட்டு வைத்தியம் எதையும் நான் ஒப்பிட மாட்டேன். ஒட்டிய சட்டை என்று நினைத்து ஊறவைத்தால் பூஞ்சைக்கு ஈரம் ஊட்டுவதாகிவிடும். ஸ்வாப் எடுத்து பிசிஆர் பார்த்தால்தான் உறுதியாகும். பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் தர வேண்டியிருக்கும். மற்றப் பாம்புகள் இருந்தால் இதைத் தனி அறைக்கு மாற்றி, பாம்பைத் தூக்கும் கொக்கி, கிண்ணம் எல்லாம் தனியாக வைத்து, இதைக் கடைசியாகக் கவனித்துவிட்டுக் கை கழுவுங்கள்.

மருத்துவரிடம் போகிற அன்று காலை எந்தக் களிம்பும் தடவாதீர்கள், ஸ்வாப் முடிவு குழம்பும். கடைசியாக உரித்த சட்டையை ஜிப் கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கூண்டின் வெப்பமானியையும் ஈரமானியையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தலையணை உறையில் கட்டி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்துக் கொண்டுபோனால் போதும்.