களைத்தடுப்பு விரிப்பு: ஜல்லிப் பாதைக்குச் சரி, செடிப் பாத்திக்கு வேண்டாம்

வீட்டு முன்புறத்தை ஆள் வைக்காமல் தாங்களே சீரமைக்க இறங்குகிறவர்கள் முதலில் வாங்கும் பொருள்களில் ஒன்று வீட் மேட் என்கிற களைத்தடுப்பு விரிப்பு. விரித்துவிட்டால் அப்புறம் களையே வராது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. ஜல்லி கொட்டும் நடைபாதைக்கு அடியில் இது கொடுத்த காசுக்கு உழைக்கும். பூச்செடிப் பாத்தியில் போட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைப் பிய்த்தெடுப்பதே தனி வேலையாகிவிடும்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. பாய் போலப் பின்னிய பாலிபுரொப்பிலீன் விரிப்பு, கம்பளி போலத் தோன்றும் நெய்யாத விரிப்பு, கறுப்பு பிளாஸ்டிக் தாள். மூன்றாவதை முன்முற்றத்துக்கு வாங்கவே வேண்டாம். தண்ணீரும் காற்றும் அதில் இறங்காது. மழை பெய்தால் மேலே தேங்கும், அடியில் வேர் மூச்சுத் திணறும். பின்னிய வகை இழுவைக்குத் தாங்கும், ஆனால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியும். வெட்டியவுடன் ஓரத்தை லேசாகத் தீயில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. பாதைக்கு நெய்யாத வகையே மேல். நீரை விடும், மண்ணை மேலேற விடாது, பள்ளத்தின் வடிவத்துக்கு நன்றாகப் படியும். எடை 100 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 100 கிராம்) குறைந்ததைத் தவிர்த்துவிடுங்கள். கூர்மையான ஜல்லியே அதைக் குத்திக் கிழித்துவிடும். வாங்கும் முன் ஒரு துண்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே இறங்காமல் வழிந்தோடினால் அந்தச் சுருள் வேண்டாம்.

விரிப்பைப் பாதையில் எந்த அடுக்கில் வைப்பது என்பதில்தான் பலருக்கும் தவறுகிறது. மண்ணைச் சமன்செய்து, விரிப்பைப் போட்டு, அதன் மேல் நேராக ஜல்லியைக் கொட்டிவிடுகிறார்கள். நடக்க நடக்க ஜல்லி ஒதுங்கும், விரிப்பு வெளியே தெரியும். வெயில் பட்ட பாலிபுரொப்பிலீன் நொறுங்கித் துணுக்குத் துணுக்காக உதிரும். 15 செ.மீ. ஆழம் தோண்டி, விரிப்பைப் பள்ளத்தின் அடியில் மண்ணோடு ஒட்டிப் போடுவதே சரி. அதன் மேல் பொடியும் சிறுகல்லும் கலந்த அடித்தளக் கல்லை 10 செ.மீ. உயரத்துக்கு இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் லேசாக நனைத்துத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். ஒரே அடுக்காகக் கொட்டி இடித்தால் மேல்பகுதிதான் இறுகும். அடியில் பொலபொலவென்றே இருந்து, பிறகு பாதை குழிவிழும். மேலே 10 மி.மீ. உடைகல் 5 செ.மீ. போதும். அதற்கு மேல் போட்டால் கால் புதையும். கூழாங்கல் பார்க்க அழகுதான், ஆனால் ஒன்றோடொன்று பிடிக்காமல் காலடியில் உருளும். நடக்கும் பாதைக்கு ஆகாது.

அளவுக்கு ஒரு கணக்கு: 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள பாதையின் பரப்பு 7.2 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு 0.72 கன மீட்டர். இடிக்கும்போது அமுங்குவதால் கால் பங்கு கூட்டி 0.9 என்று வாங்குங்கள். மேல் ஜல்லி 0.36 கன மீட்டர், ஏறக்குறைய அரை டன். விரிப்பு பள்ளத்தின் பக்கச்சுவர்களிலும் ஏற வேண்டும் என்பதால் 1.5 மீட்டர் அகலம் தேவை. 1.2 மீட்டர் சுருளை வாங்கி நடுவில் ஒட்டுப்போடாதீர்கள். ஒட்டு தவிர்க்க முடியாத இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று குறைந்தது 15 செ.மீ. ஏறியிருக்கட்டும். கல் விழும்வரை நகராமல் பிடிப்பதற்குத்தான் யு வடிவ ஆணி. ஓரத்தில் மீட்டருக்கு ஒன்று அடித்தால் போதும்.

நீரோட்டத்தை மறக்கக் கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு வேண்டும்; நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இடிக்கத் தொடங்க வேண்டும். தரையீரம் மேலேறாமல் தடுக்கச் சுவரில் வைத்த ஈரத்தடுப்பு அடுக்கு இருக்கும் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழேயே பாதையின் மேல்மட்டம் நிற்கட்டும். மண்வெட்டி எடுக்கும் முன் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எந்த வழியாகப் போகின்றன என்று தெரிந்துகொள்வதும் கட்டாயம்.

எந்த விரிப்பும் கோரைக்கு முழுத் தடையல்ல. அதன் குருத்து ஊசிபோல் துளைத்துக்கொண்டு வரும். கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருப்பதால், மேலே பிடுங்கினால் கிழங்கு தங்கி மறுபடி முளைக்கும். தோண்டும்போதே கிழங்கோடு சலித்தெடுத்துவிடுங்கள். அருகம்புல்லுக்கும் அப்படித்தான், கணுவுள்ள ஒரு துண்டு மிஞ்சினாலும் அது வேர்விடும். இன்னொன்று, காற்றில் வரும் விதை ஜல்லிக்கு மேல் சேரும் தூசியிலேயே முளைக்கும். அடியில் கிடக்கும் விரிப்பு அதை ஒன்றும் செய்யாது. ஜல்லியை அவ்வப்போது வாரிவிட்டு, சருகு தங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த முளைகளைச் சுலபமாகப் பிடுங்கிவிடலாம்.

செடிப் பாத்திக்கு இந்த விரிப்பு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடாக்கு, அதாவது மண்ணை மூடுவதற்கு மேலே போடும் சருகும் சீவலும், மக்கி மண்ணோடு சேர வழியில்லாமல் போகிறது. அடிமண் உயிரிழந்து இறுகுகிறது. விரிப்பின் மேல் மக்கிய சருகில் களை முளைத்து, அதன் வேர் பின்னலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் களையைப் பிடுங்கினால் விரிப்பும் சேர்ந்து கிளம்பும். செடி பருக்கும்போது தண்டைச் சுற்றி வெட்டிய துளை அதையே இறுக்கவும் செய்யும்.

பாத்திக்குப் பழைய அட்டைப்பெட்டியே போதும். பசைநாடாவையும் பின்னையும் நீக்கி, ஒன்றின் மேல் ஒன்று 15 செ.மீ. ஏறியிருக்கும்படி அடுக்கி, தண்ணீரில் ஊறவிட்டு, மேலே 7 முதல் 8 செ.மீ. மரச்சீவலோ காய்ந்த சருகோ போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெற்றாக விடாவிட்டால் பட்டை அழுகும். சீவலை மண்ணில் கிளறிக் கலக்காதீர்கள். கலந்தால் அது மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடியை வெளிறவைக்கும். கறையான் உள்ள இடமென்றால் சுவரோரம் 30 செ.மீ. அளவுக்கு அட்டையும் சீவலும் இல்லாமல் விட்டு, ஜல்லி போட்டுவிடலாம்.

பாத்தியில் ஏற்கெனவே விரிப்பு கிடந்தால் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். செடியின் மேல்வேர்கள் அதனோடு பின்னியிருக்கும். மூடாக்கை ஒதுக்கிவிட்டு, மண் ஈரமாக இருக்கும் நாளில் அரை மீட்டர் பட்டைகளாகக் கத்தியால் கீறி ஒவ்வொன்றாக உரித்தெடுங்கள். தண்டையொட்டிய பகுதி வராவிட்டால் அங்கே மட்டும் வேரை அறுக்காமல் கத்தரித்து, துளையைப் பெரிதாக்கி விட்டுவிடுங்கள்.